பச்சைச் சூரியன்: பசோக் கட்சி எழுந்ததும் சரிந்ததும்

கச்சத்தீவுப் பேச்சு எடுத்தால் போதும், "அங்கே கிரீஸும் துருக்கியும் வெறும் பாறைக்கே போர்க்கப்பலைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே" என்று ஒருவராவது சொல்வார். உண்மைதான், 1996-இல் அப்படி நடந்தது. அப்போது ஏதென்ஸில் ஆட்சியில் இருந்தது பசோக். அந்தக் கட்சியைப் பற்றித் தமிழில் கிடைப்பதெல்லாம் "கடன் வாங்கி நாட்டைக் கவிழ்த்தவர்கள்" என்கிற ஒற்றை வரி. பாதி உண்மை, அதுவும் பின்பாதி. 1974-இல் 12 இடத்தோடு தொடங்கி, 7 ஆண்டில் ஆட்சியைப் பிடித்து, 30 ஆண்டு நாட்டின் போக்கை நிர்ணயித்து, பிறகு மூன்றே ஆண்டில் ஓட்டில் முக்கால் பங்கை இழந்த கட்சி அது. அது எப்படி நடந்தது என்று பார்ப்பதுதான் இந்தப் பதிவு.

முழுப்பெயர் அனைத்துக் கிரேக்க சோசலிச இயக்கம். சின்னம் உதயசூரியன், பச்சை நிறத்தில். சாயல்குடியிலிருந்து தொண்டி வரை சுவரில் சூரியனைப் பார்த்தால் எந்தக் கட்சி என்று யாரும் கேட்கமாட்டார்கள். எண்பதுகளில் கிரேக்கத் தீவுகளிலும் பச்சைச் சூரியனுக்கு அதே கதிதான். தாத்தா, அப்பா, மகன் மூவரும் பிரதமரான குடும்பம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்மூர் வாசகருக்கு இதற்கு மேல் முன்னுரை தேவையில்லை.

எங்கிருந்து தொடங்குவது? 1946 முதல் 1949 வரை நடந்த உள்நாட்டுப் போரிலிருந்து. ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடியவர்களில் பெரும்பங்கு இடதுசாரிகள். உள்நாட்டுப் போரில் அவர்கள் தோற்றார்கள். அதன்பிறகு வந்த அரசுகள் ஒரு சான்றிதழ் முறையை வைத்திருந்தன. "இவர் நாட்டுப்பற்றுள்ளவர், கம்யூனிஸ்ட் தொடர்பு இல்லாதவர்" என்று போலீஸ் எழுதித் தரவேண்டும். அரசு வேலைக்கு அது வேண்டும், பாஸ்போர்ட்டுக்கு வேண்டும், ஓட்டுநர் உரிமத்துக்குக்கூட வேண்டும். மாமா மலைக்குப் போய்த் துப்பாக்கி எடுத்திருந்தால் மருமகனுக்குச் சான்றிதழ் கிடைக்காது. ஒவ்வொருவர் மேலும் போலீஸ் ஒரு கோப்பு வைத்திருந்தது. 1989-இல் அவற்றை உலையில் போட்டு எரித்தபோது எண்ணிக்கை ஒன்றரைக் கோடிக்கும் மேல். மொத்த மக்கள்தொகையே ஏறக்குறைய ஒரு கோடிதான். அரசு அலுவலகப் படியேற முடியாமல் ஒரு தலைமுறையே வெளியே நின்றது. பசோக்கை உருவாக்கிய கோபம் இங்கிருந்து வந்தது. இதை விட்டுவிட்டு 2010 கடனிலிருந்து கதை சொல்கிறவர்கள் கடைசி அத்தியாயத்தை மட்டும் படித்தவர்கள்.

தாத்தா ஜார்ஜியோஸ் பாபன்திரேயு 1964-இல் 52 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கிப் பிரதமரானார். மறு ஆண்டே மன்னர் கான்ஸ்டன்டைனோடு மோதல், பதவி போனது. 1967 ஏப்ரல் 21 அன்று கர்னல்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். மகன் ஆந்திரேயாஸ் துருக்கிக் கரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் கியோஸ் தீவில் 1919-இல் பிறந்தவர். ஹார்வர்டில் பொருளாதார முனைவர் பட்டம், அமெரிக்கக் குடியுரிமை, அமெரிக்கக் கடற்படையில் சேவை, பெர்க்லியில் பேராசிரியர். பின்னாளில் அமெரிக்க எதிர்ப்பை மேடையில் அவரைப்போல முழங்கியவர் ஐரோப்பாவிலேயே குறைவு. கர்னல்கள் அவரைச் சிறையில் போட்டு, பிறகு வெளிநாடு போக விட்டார்கள். ஸ்வீடனிலும் கனடாவிலும் இருந்தபடி ஒரு விடுதலை இயக்கம் நடத்தினார்.

1974 ஜூன் கடைசியில் கச்சத்தீவு ஒப்பந்தம் கையெழுத்தான சில வாரங்களில் கிழக்கு மத்தியதரைக் கடலில் இன்னொரு தீவு இரண்டாகப் பிளந்தது. ஜூலை 15 அன்று ஏதென்ஸ் கர்னல்கள் சைப்ரஸில் ஆட்சிக் கவிழ்ப்பு நடத்தினார்கள். 20-ஆம் தேதி துருக்கிப் படை இறங்கியது. 24-ஆம் தேதிக்குள் கர்னல்கள் ஆட்சி விழுந்தது. ஆந்திரேயாஸ் ஊர் திரும்பினார். அப்பாவின் பழைய மையக் கட்சியைத் தலைமையேற்று நடத்தும் வாய்ப்பு இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு, செப்டம்பர் 3 அன்று புதுக் கட்சி அறிவித்தார். அறிக்கையில் நான்கு கொள்கை: தேசிய சுதந்திரம், மக்கள் இறையாண்மை, சமூக விடுதலை, ஜனநாயக நடைமுறை.

நவம்பர் 17 அன்று தேர்தல். பசோக்குக்கு 13.6 சதவீதம், 300 இடத்தில் 12. பழைய மையக் கட்சிக்கு 20 சதவீதம், 60 இடம். தவறான முடிவு எடுத்துவிட்டார் என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நினைத்திருப்பார்கள். 1977-இல் பசோக் 25.3 சதவீதம், 93 இடம். மையக் கட்சி 12 சதவீதத்துக்குச் சுருங்கிக் கரைந்தது. நடுவில் மூன்று ஆண்டு பசோக் செய்த வேலை கிளை கட்டுவது. அதுவரை கிரேக்கக் கட்சிகளுக்கு ஊர்க்கிளை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, ஒவ்வொரு எம்.பி.க்கும் சொந்த அலுவலகம், சொந்த ஆட்கள், தேர்தலுக்குத் தேர்தல் வந்துபோவது, அவ்வளவே. பசோக் கிராமத்துக்குக் கிராமம், தொழிற்சங்கத்துக்குள், பல்கலைக்கழகத்துக்குள், விவசாயக் கூட்டுறவுக்குள் கிளை போட்டது. கம்யூனிஸ்ட் கட்சி மட்டும் செய்துவந்ததை ஒரு ஜனரஞ்சகக் கட்சி செய்தது அங்கே அதுதான் முதல்முறை.

இதில் ஒரு கோளாறும் ஆரம்பத்திலேயே இருந்தது. கிளை கீழே பரந்தது, ஆனால் முடிவெல்லாம் மேலே ஒரே ஆளிடம். கேள்வி கேட்ட குழுக்களை 1975, 76-இலேயே வெளியேற்றினார்கள். கட்சியின் முதல் மாநாடு நடந்தது 1984-இல், அதாவது தொடங்கிப் பத்து ஆண்டு கழித்து, ஆட்சிக்கு வந்து மூன்று ஆண்டு கழித்து. தலைவரைத் தேர்ந்தெடுக்க வழி இல்லாத கட்சி தலைவர் இருக்கும்வரை பலமாகத்தான் தெரியும்.

1981 அக்டோபர் 18: "மாற்றம்" என்ற ஒற்றை முழக்கம், 48.1 சதவீதம், 172 இடம். கிரேக்கத்தின் முதல் சோசலிச அரசு.

முதல் நான்கு ஆண்டில் செய்தவற்றை யார் எவ்வளவு திட்டினாலும் மறுக்க முடியாது. ஆக்கிரமிப்புக்கு எதிரான போராட்டத்தை 1982-இல் சட்டப்படி அங்கீகரித்து, முன்னாள் போராளிகளுக்கு ஓய்வூதியம் வர வழி செய்தார்கள். சோவியத் பக்க நாடுகளுக்கு ஓடிப்போன அகதிகள் ஊர் திரும்ப அனுமதி கொடுத்தார்கள். ஆனால் "கிரேக்க இனத்தவர்" என்று ஒரு சொல்லைச் சேர்த்து, ஸ்லாவ் மொழி பேசிய மாசிடோனியர்களை வெளியிலேயே நிறுத்தினார்கள். கோயில் கல்யாணம் மட்டுமே செல்லும் என்றிருந்ததை மாற்றிப் பதிவுத் திருமணம் கொண்டுவந்தார்கள். முதலில் அதைக் கட்டாயமாக்கத்தான் திட்டம். திருச்சபை எதிர்த்ததும் விருப்பத்துக்கு விட்டார்கள். பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயரையே வைத்துக்கொள்ளவேண்டும் என்றானது 1983-இல். அதே குடும்பச் சட்டம் சீதனத்தை உரிமையியல் சட்டத்திலிருந்தே எடுத்தது. மகள் கல்யாணத்துக்கு வீடு எழுதிவைப்பது ஏஜியன் தீவுகள் பலவற்றில் வழக்கம். கீழக்கரைக்காரர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. வழக்கம் சட்டத்தால் நின்றுவிடவில்லை. ஆனால் "சட்டப்படி எனக்கு வரவேண்டியது" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்க வழி இல்லாமல் போனது. விவசாயக் குடும்பத்துப் பெண்களுக்குக் கணவர் பெயரில் அல்லாமல் சொந்தப் பெயரில் ஓய்வூதியம் வந்தது.

இவற்றில் பெரியது 1983-இன் தேசிய சுகாதார அமைப்பு. அதற்கு முன் மருத்துவர்கள் ஏதென்ஸிலும் தெசலோனிகியிலும் குவிந்திருந்தார்கள். தீவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் படகுதான் கதி. புதுச் சட்டம் நாட்டுப்புறத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சுகாதார மையங்களுக்கு வழி செய்தது. அரசு மருத்துவர் தனியாக கிளினிக் வைக்கக் கூடாது, பதிலுக்கு முழுநேரச் சம்பளம் என்று விதித்தது. எங்கே இடறியது? மையத்துக்குக் கட்டடம் வந்த வேகத்தில் நிரந்தர மருத்துவர் வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரிகளில் அறுவைச் சிகிச்சைக்கு வரிசையில் முன்னே போக "சின்ன உறை" கொடுக்கும் பழக்கமும் ஒழியவில்லை. நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது விளங்கும்.

வெளிநாட்டு விவகாரத்தில் சொன்னதும் செய்ததும் வேறு. எதிர்க்கட்சியில் இருந்தபோது ஐரோப்பியச் சந்தையும் வேண்டாம், நேட்டோவும் வேண்டாம், அமெரிக்கத் தளங்களும் வேண்டாம். ஆட்சிக்கு வந்ததும் மூன்றும் இருந்தன. 1983-இல் தளங்களுக்குப் புது ஒப்பந்தமே போட்டார்கள். ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்வதைத் தடுப்பேன் என்று ஆந்திரேயாஸ் மிரட்டி, மத்தியதரைப் பகுதிகளுக்குத் தனி நிதி வாங்கிவந்தார். அவரைச் சந்தர்ப்பவாதி என்பார்கள். என் கணக்கில் அது சாமர்த்தியமான பேரம். கெட்டது பேரத்தில் அல்ல, அந்தப் பணம் போன வழியில்.

அந்த வழியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

சான்றிதழ் இல்லாமல் வெளியே நின்றவர்களுக்கு இப்போது கதவு திறந்தது. நியாயம்தான். ஆனால் திறந்த கதவில் கட்சிக் கிளை காவலுக்கு உட்கார்ந்தது. அரசு வேலை, அரசு வங்கி, மின்வாரியம், தொலைபேசி நிறுவனம், ஒலிம்பிக் விமானம் எல்லாவற்றிலும் ஆள் எடுப்பதற்குக் கிளையின் சிபாரிசு. முறை இப்படி: தேர்தலுக்குச் சில மாதம் முன்னால் எட்டு மாத ஒப்பந்தத்தில் ஆட்களை எடுப்பார்கள். அதற்குத் தேர்வும் இல்லை, மதிப்பெண் பட்டியலும் இல்லை. ஒப்பந்தம் முடியும்போது நீட்டிப்பு. இரண்டு மூன்று முறை நீட்டியபின் "இத்தனை பேர் வயிற்றில் அடிப்பதா" என்று போராட்டம். பிறகு ஒரு சட்டத்தால் அத்தனை பேரும் நிரந்தரம். அரசியலமைப்பின்படி நிரந்தர ஊழியரை வீட்டுக்கு அனுப்புவது மிகக் கடினம். அடுத்து வரும் எதிர்க்கட்சியும் அதே வேலையைத் தன் ஆட்களுக்குச் செய்யும். யாரையும் நீக்காது, மேலே சேர்க்கும். ஊழியர் எண்ணிக்கை ஒரே திசையில் ஏறியது இப்படித்தான்.

நம் கரையில் முன்பணம் கொடுக்கும் வியாபாரியை எல்லோருக்கும் தெரியும். படகுக்கும் வலைக்கும் பணம் கொடுப்பார், பிடிக்கிற மீன் அவருக்கே வரும். முன்பணம் தொடரும்வரை விசுவாசம் தொடரும். அவர் கை வறண்ட நாளில் மீன் வேறு ஏலத்துக்குப் போய்விடும். பசோக்குக்கும் அதன் ஓட்டுக்காரர்களுக்கும் இருந்த உறவு எண்பதுகளின் நடுவில் இந்த இடத்துக்கு வந்துவிட்டது. முதல் தலைமுறைக்கு நன்றி இருந்தது. அவர்கள் பிள்ளைகளுக்கு வேலை எதிர்பார்ப்பு மட்டுமே இருந்தது.

பணம் எங்கிருந்து வந்தது என்றால், கடனிலிருந்து. 1980-இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இருந்த அரசுக் கடன், பத்தாண்டு முடிவில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டியது. விலைவாசி ஏறினால் சம்பளம் தானாக ஏறும் திட்டம் இருந்தது. சம்பளம் ஏற, விலை மறுபடி ஏறும். 1985 தேர்தலில் 45.8 சதவீதத்தோடு ஜெயித்த கையோடு, அக்டோபரில் நாட்டு நாணயமான டிராக்மாவின் மதிப்பை 15 சதவீதம் குறைத்துச் சிக்கனத் திட்டம் அறிவித்தார்கள். அதை நடத்தியவர் பொருளாதார அமைச்சர் கோஸ்தாஸ் சிமிதிஸ். இரண்டு ஆண்டில் பணவீக்கம் இறங்கத் தொடங்கியது. தேர்தல் நெருங்குகிறது என்று ஆந்திரேயாஸ் 1987-இல் கயிற்றைத் தளர்த்தினார். சிமிதிஸ் ராஜினாமா செய்துவிட்டுப் போனார். 1989 பிரசார மேடையில் ஆந்திரேயாஸ் நிதியமைச்சரைக் கூப்பிட்டு "சோவோலா, எல்லாத்தையும் கொடு" என்றார். கூட்டம் ஆர்ப்பரித்தது. கிரேக்கப் பொருளாதாரம் பற்றி ஆயிரம் பக்கம் படிப்பதற்குப் பதில் அந்த ஒரு வரியைப் படிக்கலாம்.

அதே காலத்தில் வெடித்தது கோஸ்கோதாஸ் ஊழல். பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் பணத்தை கிரீட் வங்கியில் குறைந்த வட்டிக்குப் போட்டுவைக்கும். உண்மையான வட்டிக்கும் கணக்கில் காட்டிய வட்டிக்கும் உள்ள வித்தியாசம் சுருட்டப்படும். வங்கி முதலாளி கோஸ்கோதாஸ் அமெரிக்காவுக்கு ஓடினார். துணைப் பிரதமராக இருந்த குட்சோகியோர்காஸ் 1991-இல் விசாரணையின்போது நீதிமன்றத்திலேயே, தொலைக்காட்சி நேரலையில், சரிந்து விழுந்து சில நாளில் இறந்தார். ஆந்திரேயாஸை 1992 ஜனவரியில் 7-க்கு 6 என்ற ஒரே ஓட்டில் விடுவித்தார்கள்.

இத்தனைக்கும் நடுவே கட்சி எப்படிப் பிழைத்தது? தேர்தல் சட்டத்தால். இது நுணுக்கமான இடம். கிரீஸில் முதலிடம் வரும் கட்சிக்குக் கூடுதல் இடம் கிடைக்கும்படி சட்டம் இருக்கும். அந்தச் சட்டத்தைப் பெரும்பான்மை உள்ளவர் மாற்றிக்கொள்ளலாம். தோல்வி வரப்போகிறது என்று தெரிந்ததும் பசோக் 1989-இல் கிட்டத்தட்ட முழு விகிதாசார முறைக்கு மாற்றியது. விளைவு: வலதுசாரி எதிர்க்கட்சியான புதிய ஜனநாயகம் 44.3 சதவீதம் வாங்கியும் 145 இடம்தான். பத்து மாதத்துக்குள் மூன்று தேர்தல். மூன்றாவதில், 1990 ஏப்ரலில், 46.9 சதவீதத்துக்கு 150 இடம். பெரும்பான்மைக்கு ஒன்று குறைவு. சிறு கட்சி ஒன்றின் ஒரே எம்.பி.யைச் சேர்த்துக்கொண்டு ஆட்சி. அவர்கள் சட்டத்தைப் பழையபடி முதல் கட்சிக்குச் சாதகமாக மாற்றினார்கள். 1993-இல் பசோக் அதே 46.9 சதவீதம் வாங்கியது. இடம் 170! ஓட்டு விகிதம் ஒன்று, சட்டம் வேறு, வித்தியாசம் 20 இடம். இந்த விளையாட்டுக்குக் கடிவாளம் போட்டது 2001 அரசியலமைப்புத் திருத்தம்: மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இல்லையென்றால் புதுத் தேர்தல் சட்டம் அடுத்த தேர்தலுக்கு அல்ல, அதற்கடுத்த தேர்தலுக்குத்தான் செல்லும்.

திரும்பிவந்த பசோக் ஒரு நல்ல காரியமும் செய்தது. பெப்போனிஸ் என்ற அமைச்சர் 1994-இல் அரசு வேலைக்கு ஆள் எடுக்கச் சுதந்திரமான தேர்வு வாரியம் கொண்டுவந்தார். கட்சிக்குள்ளேயே அவருக்கு எதிர்ப்பு. வாரியம் நின்றது, ஆனால் ஒப்பந்தப் பணி என்கிற சந்து அடைபடவில்லை, கூட்டம் அந்தச் சந்துக்குத் திரும்பியது.

1995 நவம்பரில் ஆந்திரேயாஸ் ஆஸ்பத்திரியில் படுத்தார். இரண்டு மாதம் நாட்டுக்குச் செயல்படும் பிரதமர் இல்லை. ஜனவரியில் ராஜினாமா. கட்சி எம்.பி.க்கள் ஓட்டுப்போட்டார்கள்: முதல் சுற்றில் சிமிதிஸுக்கும் த்சோஹாட்சோபுலோஸுக்கும் தலா 53, இரண்டாம் சுற்றில் 86-க்கு 75 என்று சிமிதிஸ். நாற்காலியில் உட்கார்ந்து பத்து நாள் ஆகவில்லை, இமியா வந்தது.

இமியா என்பது இரண்டு பாறைத் திட்டு. சேர்த்துப் பத்து ஏக்கர்தான். கச்சத்தீவு 285 ஏக்கர். ஆள் கிடையாது, ஆடு மேயும். துருக்கிக் கரையிலிருந்து சுமார் 7 கிலோமீட்டர். மறுபக்கம் கலிம்னோஸ் தீவு. நம் பக்கத்துச் சங்கு குளியாட்கள்போல அங்கே கடற்பஞ்சு குளிப்பது பரம்பரைத் தொழில். 1995 கிறிஸ்துமஸ் அன்று ஒரு துருக்கிச் சரக்குக் கப்பல் அந்தப் பாறையில் ஏறிக்கொண்டது. கிரேக்க இழுவைப்படகு உதவிக்குப் போக, "இது துருக்கிக் கடல், நீ வேண்டாம்" என்றார் கேப்டன். வழக்கமாக இப்படிப்பட்ட விஷயம் அமைச்சகக் கடிதங்களோடு முடிந்துவிடும். ஜனவரி கடைசியில் செய்தி வெளியானதும் கலிம்னோஸ் மேயர் போய்க் கிரேக்கக் கொடி நட்டார். துருக்கிப் பத்திரிகையாளர்கள் ஹெலிகாப்டரில் இறங்கி அதைப் பிடுங்கித் தங்கள் கொடியை நட்டுப் படம் எடுத்தார்கள். கிரேக்கக் கடற்படை மறுபடி கொடி மாற்றியது. ஜனவரி 31 அதிகாலைக்குள் இரு நாட்டுப் போர்க்கப்பலும் சூழ்ந்து நின்றன. கிரேக்க வீரர்கள் ஒரு திட்டில் இருக்க, துருக்கி கமாண்டோக்கள் காவல் இல்லாத மற்றொன்றில் ஏறிவிட்டார்கள். பார்த்துவரப் போன கிரேக்க ஹெலிகாப்டர் விழுந்து மூன்று அதிகாரிகள் இறந்தார்கள். வாஷிங்டன் தலையிட்டு, கப்பல் வேண்டாம், படை வேண்டாம், கொடி வேண்டாம் என்று இரு தரப்பையும் பின்வாங்க வைத்தது. சிமிதிஸ் நாடாளுமன்றத்தில் அமெரிக்காவுக்கு நன்றி சொன்னார். எதிர்க்கட்சி அவரைப் பல ஆண்டு அதற்காகக் கிழித்தது. பாறை யாருக்கு என்பது இன்றைக்கும் முடியவில்லை. கச்சத்தீவோடு இதை ஒப்பிடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: நமக்கு 1974, 1976 ஒப்பந்தங்களில் கடல் எல்லைக் கோடு எழுத்தில் இருக்கிறது, பிரச்சினை அந்தக் கோட்டின் நியாயம் பற்றியது. அவர்களுக்குக் கோடே ஒத்துக்கொள்ளப்படவில்லை.

சிமிதிஸ் காலம் எட்டு ஆண்டு. மேடைப் பேச்சு வராத, கணக்குப் புத்தகம் போன்ற மனிதர். 1996, 2000 தேர்தல்களில் ஜெயித்தார். 2001-இல் யூரோ. அதே ஆண்டு ஓய்வூதியத்தைச் சீர்செய்ய அமைச்சர் யானிட்சிஸ் ஒரு திட்டம் வைத்தார்; தொழிற்சங்கங்கள், முக்கியமாக பசோக்கின் சொந்தத் தொழிற்சங்கத் தலைவர்களே, தெருவில் இறங்கினார்கள். திட்டம் சுருட்டப்பட்டது. கட்சி தன்னைத்தானே திருத்திக்கொள்ளக் கிடைத்த கடைசி நல்ல தருணம் அதுதான் என்பது என் கருத்து. யூரோவால் வட்டி மலிவாக, கடன் இன்னும் சுலபமாகக் கிடைத்தது. திருத்த வேண்டிய அவசரம் போய்விட்டது. 1996-இல் எம்.பி.க்கள் ஓட்டில் சிமிதிஸிடம் தோற்ற த்சோஹாட்சோபுலோஸ் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது ஆயுதக் கொள்முதலில் வாங்கிய லஞ்சப் பணத்தை வெள்ளையாக்கியதற்காக 2013-இல் 20 ஆண்டு தண்டனை பெற்றார்.

2004-இல் ஆந்திரேயாஸின் மகன் ஜார்ஜ் தலைவர். உறுப்பினர் அல்லாதவரும் ஓட்டுப் போடலாம் என்று திறந்தவெளித் தேர்தல் வைத்து, பத்து லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். போட்டியாளர்தான் ஒருவரும் இல்லை. 2009 பிரசாரத்தில் "பணம் இருக்கிறது" என்றார். 43.9 சதவீதம், 160 இடம், 30 லட்சம் ஓட்டு. ஆட்சியேறிய அதே மாதத்தில், அந்த ஆண்டு பற்றாக்குறை முந்தைய அரசு சொன்னதைப்போல இருமடங்கு, 12 சதவீதத்துக்கு மேல் என்று அறிவித்தார்கள். பின்னாளில் சரிபார்த்தபோது 15-க்கு மேல் போனது. கடன் கொடுப்பவர்கள் கதவை மூடினார்கள்.

2010 ஏப்ரல் 23 அன்று ஜார்ஜ் பாபன்திரேயு கஸ்தெலோரிசோ தீவின் துறைமுகத்தில் நின்று, சர்வதேச உதவி கேட்கிறோம் என்று தொலைக்காட்சியில் சொன்னார். துருக்கிக் கரையிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி, சில நூறு பேர் வாழும் தீவு. பின்னால் நீலக் கடல், வரிசையாக வீடுகள், படகுகள். அழகான பின்னணியில் இப்படி ஒரு செய்தி சொன்னதை மக்கள் மன்னிக்கவே இல்லை.

மே மாதம் 11,000 கோடி யூரோ கடன்: 8,000 கோடி யூரோ நாடுகளிடமிருந்து, 3,000 கோடி சர்வதேச நிதியத்திடமிருந்து. நிபந்தனைகள் ஒவ்வொன்றும் பசோக்கின் சொந்த ஓட்டுக்காரர் மேலேயே விழுந்தன. அரசு ஊழியரின் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கோடைப் போனஸ் வெட்டு. ஐந்து பேர் ஓய்வுபெற்றால் ஒருவரை மட்டுமே எடுக்கலாம். மதிப்புக்கூட்டு வரி 19-இலிருந்து 23. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகளை 325 ஆகச் சுருக்கினார்கள். கிளைக்காரர்களின் பதவிகள் அதோடு போயின. 2011 செப்டம்பரில் நிதியமைச்சர் வெனிசெலோஸ் வீட்டுவரியை மின்கட்டண ரசீதில் ஏற்றினார்: கட்டாவிட்டால் கரண்ட் கட். வசூல் முறையாக அது கெட்டிக்காரத்தனம்தான், ஏனென்றால் வரி ஏய்ப்பவரும் விளக்குப் போட்டாக வேண்டும். கட்சிக்கு அது சாவுமணி. ஒவ்வொரு வீட்டிலும் ரசீது வரும் நாளில் பசோக்கின் பெயர் ஒருமுறை திட்டு வாங்கியது.

2011 நவம்பரில் ஜார்ஜ் பதவி விலகினார். 2012 பிப்ரவரியில் இரண்டாவது கடன் ஒப்பந்தத்தை ஆதரிக்காத 22 எம்.பி.க்களைக் கட்சி ஒரே இரவில் நீக்கியது. மே தேர்தல்: 13.2 சதவீதம். 30 லட்சம் ஓட்டு 8 லட்சத்து 33 ஆயிரமாகியிருந்தது. 2015 ஜனவரியில் 4.7 சதவீதம், 13 இடம், ஏழாமிடம். ஓட்டு 3 லட்சத்துக்கும் கீழே. அந்தத் தேர்தலில் ஜார்ஜ் தனிக்கட்சி தொடங்கியிருந்தார். 2.5 சதவீதம், 3 சதவீத வாசலைத் தாண்டவில்லை. பசோக்கிலிருந்து போனவர்களில் பெரும்பங்கு சிரிசா என்ற இடதுசாரிக் கட்சிக்குப் போனார்கள். பிள்ளைக்கு வேலை கேட்டுப் போனவரும், வெட்டிய ஓய்வூதியத்தைத் திரும்பக் கேட்டுப் போனவரும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

கட்சிக் கணக்கையும் பார்க்கவேண்டும். கிரீஸில் கட்சிகளுக்கு அரசு மானியம் உண்டு. வாங்கும் ஓட்டுக்கு ஏற்ற பங்கு. 40 சதவீத ஓட்டு எப்போதும் வரும் என்ற நம்பிக்கையில், வரப்போகும் மானியத்தை அடமானம் வைத்து பசோக் வங்கிகளில் கடன் வாங்கியது. ஓட்டு 4 சதவீதமானதும் மானியமும் அதே அளவு சுருங்கியது, கடன் சுருங்கவில்லை. 10 கோடி யூரோவைத் தாண்டிய அந்தக் கடனுக்கு இன்னும் வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. நாடு விழுந்த அதே குழியில் கட்சி தனியாகவும் விழுந்தது.

2015-இல் தலைமையேற்ற ஃபோஃபி யெனிமட்டா, கட்சியின் முதல் பெண் தலைவர், சிதறியவர்களைச் சேர்த்து 2018-இல் "மாற்றத்துக்கான இயக்கம்" என்ற பெயரில் ஒரு கூட்டமைப்பு கட்டினார். 2021 அக்டோபரில் புற்றுநோயில் இறந்தார். டிசம்பரில் கிரீட்காரரான நிகோஸ் அந்த்ருலாகிஸ் வந்தார். பசோக் பெயரும் பச்சைச் சூரியனும் திரும்பின. அவர் கைப்பேசியை உளவுத்துறை ஒட்டுக்கேட்டது 2022-இல் அம்பலமாகி உளவுத்துறைத் தலைவர் பதவி விலகினார். 2023 ஜூனில் 11.8 சதவீதம், 32 இடம். சிரிசா உடைந்து எம்.பி.க்களை இழந்ததால் 2024 நவம்பரில் பசோக் அதிகாரபூர்வ எதிர்க்கட்சியானது. ஓட்டு ஏறி வந்த இடமல்ல அது.

அடுத்த தேர்தல் 2027-க்குள் நடந்தாக வேண்டும். இப்போதைய சட்டப்படி முதலிடம் வரும் கட்சி 25 சதவீதம் தொட்டால் 20 இடம் கூடுதல். அதற்கு மேல் ஒவ்வொரு அரை சதவீதத்துக்கும் ஓர் இடம், உச்சம் 50. இரண்டாமிடத்துக்கு ஒன்றும் கிடையாது. எண்பதுகளில் பசோக்கைத் தூக்கிவிட்ட அதே ஏற்பாடு இப்போது புதிய ஜனநாயகத்தின் பக்கம் நிற்கிறது. 30 சதவீதத்தில் அந்தக் கட்சிக்கு 30 இடம் சும்மா வரும், 12 சதவீதத்தில் பசோக்குக்குத் தன் பங்கு மட்டும். ஆனால் முதல் கட்சி 35-க்குக் கீழே இறங்கினால் தனிப் பெரும்பான்மை கஷ்டம், கூட்டணிக்கு ஆள் தேடவேண்டும். 2012-இல் வலதுசாரிகளோடு கூட்டணி வைத்ததற்கு என்ன விலை கொடுத்தோம் என்று பசோக் கிளைகளில் மிச்சமிருப்பவர்களுக்குத் தெரியும்; அந்தப் பேச்சை எடுத்தாலே அது நினைவுக்கு வரும்.